எந்த முட்டி

கண்ணாடியோடு மூன்றாவது மாடிப் படியில் திரும்பும்போது தோள் இரண்டும் எரிந்தன. அது பழகின எரிச்சல். பதினாறு வருடமாகக் கண்ணாடி சுமக்கிறவனுக்கு அது இல்லாவிட்டால்தான் சந்தேகம் வரும். என் பயம் அதற்கும் உள்ளே இருந்தது. நெஞ்சு ஒரு அடியை விட்டுவிட்டு, அடுத்த இரண்டையும் சேர்த்து அடித்தது. இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று கால் வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் வயிற்றைக் கவ்வுமே, அப்படி.

ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு பெட்டியை ஒருநாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கென்று பார்த்து நெஞ்சு நல்ல பிள்ளையாக இருந்தது. "எல்லாம் நார்மல். டென்ஷனைக் குறைங்க," என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்லேன்னா சந்தோஷப்படுங்களேன்," என்றாள் மனைவி.

"ஒண்ணும் இல்லேன்னு அதுகிட்ட சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. என் நெஞ்சின்மேல் கை வைத்தாள். கை இருந்தவரைக்கும் அது ஒழுங்காக அடித்தது.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பெரிய கண்ணாடியை இரண்டு பேர் படியில் ஏற்றும்போது யாருக்கு முடியவில்லையோ அவன் 'வை' என்று சொல்ல வேண்டும். மற்றவன் அந்த நிமிடமே இறக்க வேண்டும். கண்ணாடியின் அடியில் ரப்பர் துண்டு மாட்டியிருப்போம், படியிலேயே நிற்கும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்கிற நேரத்தில் விரல் போய்விடும்.

கீழ் முனையைத்தான் எப்போதும் நான் பிடிப்பேன். எடை அங்கேதான் இறங்கும். மேலே இருப்பவன் விட்டால் கீழே இருப்பவன் மேல்தான் மொத்தமும் விழும். போன வாரம் மச்சானிடம், அதாவது என் மனைவியின் அண்ணனிடம், முட்டி வலிக்கிறது என்று சொல்லி மேல் முனைக்கு மாறிக்கொண்டேன். வெட்டுக்காயம் என்றால் காட்டலாம். இதை எதைக் காட்டிச் சொல்வது? கையில் இருந்த காகிதமெல்லாம் என்னைப் பொய்யன் என்றது. அதனால் பொய்யே சொன்னேன்.

காலையிலிருந்து இரண்டு முறை 'வை' சொல்லியாகிவிட்டது. மூன்றாவது தடவை வாய்வரை வந்ததை வெட்கத்தில் விழுங்கினேன். பிடி ஒரு கணம் தளர்ந்தது. கண்ணாடி சரிந்து மச்சான் மார்பில் போய் முட்டியது. அவர் சுவரோடு சாய்ந்து தாங்கிக்கொண்டார். உடையவில்லை. விளிம்பு மட்டும் அவர் கையுறையைக் கிழித்துக் கட்டைவிரலடியில் இறங்கியது.

மாடித் திருப்பத்தில் கண்ணாடியைச் சுவரில் சாய்த்தோம்.

"ஏன் மாப்ளே சொல்லல?"

"முட்டி மடங்கிடுச்சு மச்சான்."

"ஒன் முட்டி என் கையக் காவு கேக்குதாக்கும்." துணியைக் கிழித்துக் கட்டைவிரலைச் சுற்றினார். பிறகு தோள்பையைத் துழாவிப் புது முட்டி உறை ஒன்றை எடுத்தார். "நேத்தே வாங்கிட்டேன். குடுக்க மறந்துட்டேன். எந்தக் காலு?"

எந்தக் கால் என்று சொன்னேன் என்பது எனக்கே மறந்துவிட்டது.

"வலது."

"அன்னிக்கி எடதுன்னியே?"

"ரெண்டுந்தான்."

"அப்ப ஜோடியா வாங்கியிருப்பேனே! மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

குனிந்து அவரே மாட்டிவிட்டார். நான் வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவில்லை. துணியில் ஊறிய ரத்தம் என் காலில் பட்டுச் சூடாக இருந்தது. ஒரு குறையும் இல்லாத முட்டி அது.

மறுபடி தூக்கினோம். எட்டுப் படி ஏறியதும் நெஞ்சு மறுபடி ஒரு அடி விட்டது.

"வை."

மச்சான் உடனே இறக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. நான்காவது மாடி ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்தபடி நின்றோம். அவர் கை வைத்திருந்த இடத்தில் சிவப்பாய் ஒரு தடம். முட்டி உறை நழுவிக் கெண்டைக்காலுக்கு வந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். கீழே வண்டியில் இன்னும் பதினொரு கண்ணாடி இருந்தது. முட்டி இல்லை மச்சான், நெஞ்சு. அந்த ஒரு பேச்சை அவரிடம் சொல்லாமல் இன்னும் பாக்கி வைத்திருந்தேன்.