ஒரு வருஷக் கையெழுத்து

உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: லாரி லைசென்ஸைத் தன் காசில் வாங்கியவன், ஒரு வருஷ உழைப்பை எழுதிக்கொடுத்து வாங்கியவன். முதல் வகையால்தான் நாகரிகம் இதுவரை நகர்ந்திருக்கிறது. என் மாமா வெர்ன் ஹால்வர்சன் இதை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிந்தபடி, மதுக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அறிவித்தார். ஒருவரும் மறுக்கவில்லை. பாதிப் பேர் மீனில் முள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் இருபது வருஷம் வேலை பார்த்த காகித ஆலையை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. இனி லாரிதான் என்று முடிவு செய்துவிட்டார். ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு வழி இருந்தது. பெரிய லாரிக் கம்பெனி ஒன்று செலவில்லாமல் கற்றுத்தரும், பஸ் டிக்கெட்கூட அனுப்பும். பதிலுக்கு ஒரு வருஷம் அவர்கள் கைகாட்டுகிற மாநிலத்துக்கெல்லாம் ஓட்டவேண்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. இன்னொன்று நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் பள்ளி. கைக்காசைக் கட்டி ஐந்து வாரம் படித்தால் போதும், பிறகு அவரவர் இஷ்டம்.

“லாரி ஓட்டப் போறவன் பஸ்ஸுல உக்காந்து போறானாம்! கழுத்துல பேரு எழுதி அட்டையும் மாட்டி விடுவாங்களாடா?” என்றார் என்னிடம்.

“மதியச் சாப்பாட்டு டப்பாவும் உண்டாம் மாமா,” என்றேன்.

மாமா அன்று சுதந்திரத்தைப் பற்றி நிறையப் பேசினார். எனக்கு அந்த அகராதி தெரியும். அவர் சுதந்திரம் என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை என்று படித்துக்கொள்ள வேண்டும். விவாகரத்துக்குப் பிறகு அவருடைய பத்து வயது மகள் ஆனிக்கா பக்கத்து ஊரில் அம்மாவோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாமாவுக்கு. காலையில் அவர் கருக்குகிற பான்கேக், மத்தியானம் டிவியில் ஃபுட்பால், சாயங்காலம் கொண்டுபோய் விட, நேர்வழி இருந்தும், ஒரு சுற்றுவழி. இதை எந்தக் கம்பெனிக்கும் எழுதிக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

தனியார் பள்ளியில் சேர்ந்தார். ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்று கியர் வண்டியிலேயே முதல் தடவையில் தேறினார். அந்த லைசென்ஸை மதுக்கடையில் எல்லோரும் பார்த்தோம். சிலர் இரண்டு முறை பார்த்தோம். மறுநாளே ஆர்டன் கெர்பரிடம் போனார். கெர்பருக்கு ஏழு பால் டேங்கர் லாரிகள். பண்ணை பண்ணையாய்ப் பால் எடுத்துச் சீஸ் ஆலையில் இறக்கிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

“லைசென்ஸ் அம்சமா இருக்கு வெர்ன். ஆனா இன்சூரன்ஸ்காரன் ஒரு வருஷ அனுபவம் கேக்குறானே,” என்றார் கெர்பர்.

உள்ளூர் ஜல்லிக் கம்பெனியும் அதையே சொன்னது. அந்த ஒரு வருஷ அனுபவத்தைத் தரத் தயாராக இருந்தவை தூர தேசம் ஓடுகிற கம்பெனிகள் மட்டும்தான். அவர்கள் போன் செய்தபோதெல்லாம் மாமா மரியாதையாக மறுத்தார். உள்ளூரில் இடம் வரும் என்று, இரும்புச் சாமான் கடையில், பனி உருக ரோட்டில் தூவுகிற உப்பு மூட்டைகளை அடுக்கியபடி ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார்.

ஏப்ரலில் கெர்பரே கூப்பிட்டார். இன்சூரன்ஸ்காரன் இறங்கி வந்திருந்தான். புது ஆளையும் எடுக்கலாம். நானும் கூடப் போனேன்.

“கடைசியா எப்ப லாரி ஓட்டுன?”

“பரீட்சை அன்னைக்கு.”

“அது எப்ப?”

“ஆகஸ்ட்டு.”

கெர்பர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “எட்டு மாசமா வண்டியத் தொடலயா? பழசாப் போச்சுய்யா. மறுபடியும் காசு கட்டிப் பள்ளிக்கூடம் போகச் சொல்லுவான். பேசாம அந்தப் பெரிய கம்பெனியில போய் ஒரு வருஷம் ஓட்டிட்டு வா. அடுத்த ஏப்ரல்ல ஒரு வண்டி உனக்குன்னு நிறுத்தி வெச்சிருப்பேன். வார்த்தை மாற மாட்டேன்.”

மாமா சுதந்திரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரிய கம்பெனிக்குப் போன் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆனிக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் பான்கேக்மேல் சிரப்பை ஊற்றிக்கொண்டே விசாரித்தாள்.

“மூணு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வருவேல்ல?”

“வருவேன்.”

“ஒரு வருஷம் கழிச்சு?”

“எல்லா ஞாயிறும்.”

“சரி, போ. அப்படியே பான்கேக்கும் சொல்லித் தர்றாங்களான்னு கேளுப்பா.”

அடுத்த ஞாயிறு காலை, பெட்ரோல் பங்க் வாசலில் பஸ் கதவைத் திறந்துகொண்டு உறுமிக்கொண்டிருந்தது. கம்பெனி அனுப்பிய டிக்கெட் மாமாவின் சட்டைப் பையில் இருந்தது. அட்டை, சாப்பாட்டு டப்பா என்று நான் கிண்டல் செய்யவில்லை. எனக்கும் அது புதிய அனுபவம். நாலு நாளாக மடித்தே வைத்திருந்த ஒரு வருஷ ஒப்பந்தத்தை அப்போதுதான் வெளியே எடுத்தார். வைத்து எழுத இடம் தேடினார். என் கார் முழுக்கச் சேறு. ஆனிக்கா திரும்பி நின்று முதுகைக் காட்டினாள்.

அவர் காகிதத்தை அவள் கோட்டின்மேல் விரித்துப் பெயரை எழுதத் தொடங்கினார்.

“கூசுதுப்பா!”

அவள் தோள்கள் குலுங்கின. மாமா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றார். பஸ் ஒரு தடவை ஹாரன் அடித்தது. அவர் அவசரப்படவில்லை.