மனாடோவுக்குப் போகும் எதிர்காற்று

ஜகார்த்தாவிலிருந்து மனாடோவுக்குப் பறக்க நான்கு மணி இருபது நிமிடம். அங்கிருந்து திரும்ப இரண்டு மணி இருபது நிமிடம். விமான டிக்கெட் விற்கும் எங்கள் கம்பெனியின் இணையப் பக்கம் ஐந்து வருஷமாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் மனாடோக்காரி. மீன் விற்கிறவள் மகள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. மூன்று மாதம் வேலை பார், பிறகு சொல்கிறோம் என்று சேர்த்திருந்தார்கள். அந்த மூன்று மாதம் அன்று முடிந்தது. வைப்பதா அனுப்புவதா என்று மேலாளர் ஹெந்தார்த்தோ மாலைக்குள் சொல்லிவிடுவார். அனுப்பினால் எனக்கும் மீன்கூடைதான்.

அந்த ஆபீஸில் மேலாளர் எது சொன்னாலும் 'சரி, பாக்', அதாவது 'சரி, ஐயா' என்று தலையாட்டுவார்கள். அதுதான் பண்பாம். எனக்கு வரவில்லை.

"பாக், இந்தப் பறக்குற நேரம் தப்பு," என்றேன்.

மற்றவர்களின் கீபோர்டு சத்தம் நின்றது.

"அது எதிர்காத்து, நோனா மனாடோ," என்று ஊர்ப்பெயரோடு 'மிஸ்' போட்டுச் சிரித்தார். "கிழக்கால போறப்ப அடிக்கும். உங்க ஊர்ல மிளகாதான் காரம்னு நெனச்சேன், பொண்ணுங்களுமா?"

"ரெண்டு மணி நேரம் பிடிச்சு நிறுத்துற காத்தா, பாக்? அதுல விமானம் போகாது, வீட்டுக் கூரைதான் போகும்."

"அப்ப டிக்கெட் பொய் சொல்லுதா? பத்துக்குக் கிளம்புது, ரெண்டு இருபதுக்கு இறங்குது. நீயே கழிச்சுப் பாரு."

"இறங்குறது எங்க ஊர்க் கடிகாரத்துல, பாக். நாங்க உங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால. போகவும் வரவும் மூணு மணி இருபது நிமிஷம்தான்."

"அந்த நேர வித்தியாசமெல்லாம் கிழக்குக் கோடியில பாப்புவாவுக்குத்தானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அம்மா, அங்க மணி என்ன?"

"மூணே கால். ஏன், ஆபீஸ்ல கடிகாரம் கூட இல்லையா? அவ்வளவு ஏழையா உன் முதலாளி?"

எங்கள் சுவரில் இரண்டே கால். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"அவர் பக்கத்துலதான் இருக்கார்மா."

"நல்லதாப் போச்சு. பாக், இவளுக்கு வாய் நீளம். ஆனா வேலையும் செய்வா. அனுப்பிடாதீங்க."

ஹெந்தார்த்தோ சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லோரையும் கேட்டார்: "அஞ்சு வருஷமா ஒருத்தருக்கும் தெரியலையா?"

எல்லோரும் அவரவர் தேநீரைப் பார்த்தார்கள்.

"தெரியும், பாக். உங்ககிட்டச் சொல்லத்தான் தெரியாது," என்றேன். சொன்ன பிறகுதான் வேலை போயிற்று என்று உறைத்தது.

"நாளையிலிருந்து நீ நிரந்தரம்," என்றார். "கிழக்குப் பக்கத்து ஊர் அத்தனையும் நீதான் திருத்தணும். தண்டனைன்னே வெச்சுக்கோ."

"பாலியில ஆரம்பிக்கிறேன்."

"பாலிக்கு என்ன? வருஷா வருஷம் குடும்பத்தோட போறேனே."

"அங்கேயும் எங்க நேரம்தான், பாக்."

கைக்கடிகாரத்தைத் தடவியபடி மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் கீழே இறங்கிப் போறதுக்குள்ள தினமும் காலைச் சாப்பாட்டை எடுத்துடுவான் அந்த ஹோட்டல்காரன். போன வருஷம் அவனைத் திருடன்னே சொல்லிட்டு வந்தேன்."