குதிகால்

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே தன் மகளிடம் என் ஞாபகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மணல் கொதிச்சுது. எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கி வச்சிக்கிட்டு கடற்கரை முழுக்க நடந்தாரு."

சமையலறை வாசலில் டீ டம்ளரோடு நின்ற எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது என்னுடையது. அப்பா இறந்துபோனபோது எனக்கு நாலு வயது, அவரைப் பற்றி என்னிடம் இருப்பதே அந்த ஒன்றுதான். மூன்று வயது மூத்தவளிடம் பத்து ஞாபகமாவது இருக்கும். அப்புறம் ஏன் என்னுடையதில் கைவைக்கிறாள்?

இருபது வருடமாக நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்கிறேன். யார் வாயைத் திறந்தாலும் சந்தேகம் வருவது எனக்குத் தொழில் வியாதி. ஒருமுறை மூளை டாக்டர் ஒருவர் கூண்டில் நின்று, நினைவு என்பது பத்திரப்படுத்திய படமல்ல, எடுக்கும்போதெல்லாம் மூளை அதைப் புதிதாக எழுதுகிறது என்றார். பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். அவரையும் நம்பவில்லை.

"அது நான்க்கா. ஏழு வயசுப் பிள்ளைய யாரு தோள்ல தூக்குவா?"

"கிளிஞ்சல் குத்திடுச்சுடி." உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளையாக ஒரு தழும்பு. தழும்பு எதில் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். கேட்குமுன்பே ஆதாரம் நீட்டுகிற சாட்சியை எனக்கு எப்போதும் பிடிக்காது.

"சரி, மேலேர்ந்து என்ன பாத்த?"

"அவரு உச்சந்தலைய. ரெட்டைச் சுழி. ரெண்டுலயும் விரலை வச்சு அழுத்திக்கிட்டே வந்தேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "நீ என்ன பாத்த?"

குதிகால்கள். மணல் ஒட்டிய, வெடிப்பு விட்ட குதிகால்கள் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கின்றன. தோளில் இருப்பவளுக்குக் குதிகால் எப்படித் தெரியும்? இந்த இடத்தில்தான் சாட்சிகள் தண்ணீர் கேட்பார்கள். நான் ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

"ஞாபகம் இல்லக்கா."

அக்கா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, வெங்காயம் இருந்தது.

அப்படியானால் நான் பின்னால் நடந்து வந்திருக்கிறேன். அவர் ஒருமுறையாவது திரும்பி என்னைப் பார்த்தாரா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு வாரம் பேருந்திலும் குளியலறையிலும் கண்ணை மூடித் தேடினேன். குதிகால்கள் போய்க்கொண்டே இருந்தன.

நேற்றிலிருந்து அவர் திரும்புகிறார். "வர்றியாம்மா?" என்கிறார். குரல் எங்கள் அலுவலகக் காவலாளியுடையது. முகம் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் உள்ளதேதான், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு. அவ்வளவு கடற்காற்றில் ஒரு முடிகூட அசையவில்லை.