வரப்போகும் மெசினுக்கு ஒரு கையளவு

நேசனின் இரண்டு கைகளையும் கடதாசியில் வைத்துக் கீறி அனுப்பும்படி அப்பா எழுதியிருந்தார். அந்த வரியில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவும் கையை நிறுத்திவிட்டா. என் தம்பி நேசன் செத்து அப்போது ஏழு மாதமாகியிருந்தது.

ஜேர்மனியில் இருந்த அப்பாவுக்கு அது தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. இதைக் கேட்டு இன்றைக்கு ஆரும் வாயைப் பிளந்தால் பிளக்கட்டும், அந்தக் காலத்தில் எங்கள் தீவுப்பகுதியில் இது ஊர்வழக்கம். வெளிநாட்டில் தனியே இருக்கிறவருக்குச் சாவு எழுதுவதில்லை. புங்குடுதீவில் ஒரு மனுசி செத்து எட்டாம் நாள் செலவும் முடிந்து, வருசம் திரும்பி ஆட்டைத் திவசமும் வந்துவிட்டது, கனடாவில் இருந்த மகன் தாய்க்கென்று கம்பளிச் சட்டை அனுப்பிக்கொண்டிருந்தான். அந்தச் சட்டையை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

நேசனுக்கு வந்தது மூளைக்காய்ச்சல். மூன்றே நாள். ஊரடங்கு எடுத்த பிறகு வான் பிடித்து யாழ்ப்பாணம் கொண்டு போனோம். மண்கும்பான் தாண்டும்போது அம்மாவின் மடியிலேயே போய்விட்டான். பத்து வயது. வானைத் திருப்பச் சொன்னது அம்மாதான். திருப்பி வரும் வழியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா, "கொப்பருக்கு எழுதாதை பிள்ளை. காட் கிடைச்சு வரட்டும். முகத்தைப் பாத்து நான் சொல்லுவன்."

காட் என்பது அங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், ஊருக்குப் போய்வரலாம் என்று தருகிற கடதாசி. மூன்று வருடமாக அப்பா அதற்காக ஒரு அகதிக் காம்பில் காத்துக்கொண்டிருந்தார். வேலை செய்யவும் ஏலாது, அந்த ஊரை விட்டு வெளியே போகவும் ஏலாது. குளிருக்கு ஒதுங்கப் பெரிய கடையொன்றுக்குப் போவார். அங்கே ரீவியில் பூட்டி விளையாடும் மெசின் ஒன்றை ஆட்கள் பார்க்க வைத்திருப்பார்களாம். அந்தப் பகுதியில் நின்ற துருக்கிப் பொடியன் ஒருவன் புத்தகங்களில் படித்ததை எல்லாம் அப்பாவுக்குச் சொல்லுவான். அப்பா அதை நேசனுக்கு எழுதுவார்.

தொடக்கி வைத்தது நேசன்தான். புங்குடுதீவில் ஒரு கலியாண வீட்டில், ஜெனரேற்றர் போட்டு, லண்டன் மாப்பிள்ளை கொண்டுவந்த அந்த மெசினை அவன் ஒரேயொரு தரம் விளையாடினவன். பத்து நிமிசமும் வராது. எங்கள் வீட்டில் கரண்டும் இல்லை, ரீவியும் இல்லை. ஆனாலும் எட்டுப் பக்கத்துக்கு அப்பாவுக்கு எழுதினான். அதுவரைக்கும் "படி, அம்மாவின் சொல்லைக் கேள்" என்று நாலு வரி எழுதிக்கொண்டிருந்த மனுசனுக்கு மகனோடு கதைக்க அன்றைக்குத்தான் ஒரு கதை அகப்பட்டது. "பழசு வேண்டாம், யப்பான்காரன் புதுசு ஒன்று செய்கிறானாம், அதைத்தான் உனக்கு வாங்குவேன்" என்று எழுதினார்.

அவன் போன பிறகும் கடிதங்கள் அவன் பேருக்கே வந்தன. மறுமொழியை நான் எழுதினேன். பதினாலு வயது எனக்கு. சரிந்த எழுத்து, மேலே குற்றுப் போட மறக்கிற எழுத்து, எல்லாம் அவனைப்போலவே எழுதப் பழகினேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்ப்பா. "அவன் இவ்வளவு வடிவாய் எழுதமாட்டான்" என்று ஒருநாள் சொன்னா. எனக்கு வந்த கோபத்தில் பேனையை முற்றத்தில் எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்து வந்தேன்.

புது மெசின் கடிதத்துக்குக் கடிதம் மாறியது. நிறங்கள் ஆயிரக்கணக்கில் இருக்குமாம். பழைய மெசினின் விளையாட்டுக் கசெற் புதியதிலும் ஓடுமாம். அடுத்த கடிதத்தில், இல்லை, ஓடாதாம். மெசின் செய்து முடிந்துவிட்டதாம், ஆனால் கொம்பனிக்காரன் வெளியே விடாமல் வைத்திருக்கிறானாம். பழையது இன்னும் நன்றாக விற்கிறது, புதியது இருக்கிறதென்று தெரிந்தால் சனம் பழையதை வாங்காதாம். அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தெரிந்ததைத் தெரியாதமாதிரி வைத்திருக்க யப்பானுக்கா போகவேண்டும், எங்கள் புளியங்கூடலுக்கு வந்தால் நாங்களே பழக்கிவிடுவோம். இன்னொரு கடிதத்தில், விளையாட்டின் நடுவில் செத்தாலும் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்தை மெசின் நினைவில் வைத்திருக்கும் என்று எழுதியிருந்தார். அம்மா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டா.

இப்போது கை. புது மெசினைப் பிடித்து விளையாடுகிற கட்டையில் பட்டன் கூடவாம், இரண்டு பக்கமும் உருண்டிருக்குமாம். சின்னப் பிள்ளைகளின் விரலுக்கு எட்டுமோ தெரியாது என்று அந்தத் துருக்கிப் பொடியன் சொல்லியிருக்கிறான். கையைக் கீறி அனுப்பினால் அளந்து பார்க்கலாம் என்று அப்பா எழுதியிருந்தார்.

"அம்மா, இனியும் ஏலாது. சொல்லுவம்," என்றேன்.

"சொல்லிப்போட்டு? அந்த மனுசன் அங்கை ஆரின்ரை தோளைப் பிடிச்சு அழும்?"

"நாங்கள் ஆரின்ரை தோளைப் பிடிச்சு அழுதனாங்கள்?"

அம்மா துருவலையில் இருந்து எழும்பிக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா. "நீ மெலிஞ்ச பிள்ளைதானே. உன்ரை கை காணும்," என்றா.

அப்படியே செய்தோம். முதலில் இடது கையை வைத்து நானே கீறினேன். வலது கையை அம்மா கீறினா. கீழே நேசனின் எழுத்தில் "அப்பா, என் கை வளந்திட்டுது" என்று எழுதி, அன்றைக்கே புறப்பட்டுப் போய்த் தபால்கந்தோரில் போட்டேன்.

திரும்பி வந்து கால் கழுவும்போதுதான் நினைவு வந்தது. நேசனின் இடது சின்னிவிரல் கோணல். மூன்று வயதில், கூட்டுறவுச் சங்கக்கடையைப் பூட்டும்போது பலகைக் கதவுக்குள் அகப்பட்டு நசிந்தது. நுனி உள்ளுக்கு மடிந்தபடியே பொருந்திவிட்டது. கதவைச் சாத்தியது கடை மனேச்சராக இருந்த அப்பா. அதற்குப் பிறகு அவனைத் தூக்குகிற நேரமெல்லாம் அந்த விரலைத்தான் முதலில் தடவுவார்.

செருப்பும் போடாமல் ஓடினேன். தபால்கந்தோர் ஐயாத்துரை அண்ணை கதவைப் பூட்டிக்கொண்டு நின்றார். "தபால் பை போட்டுது பிள்ளை. என்ன, முத்திரை ஒட்ட மறந்துபோனீரோ?" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பேச்சு வாங்க ஏலாது என்றுதான் சொல்லவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில், அப்பா கண்டுபிடிக்கட்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. அந்த ஆசைக்காக இன்றைக்கும் என்னில் எனக்கு ஆத்திரம் வரும்.

நாற்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. உள்ளே இரண்டு தாள். மேல் தாள் என் பேருக்கு எழுதியிருந்தது. என் பேருக்கு அப்பா எழுதிய முதல் கடிதம் அது. படலைக்கு வெளியே, பூவரசு வேலியோடு நின்று வாசித்தேன்.

"அன்பு மகள் பாமாவுக்கு, கை கிடைத்தது. அது உன்ரை கை. இரண்டு கிழமையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன வருத்தம் வந்தது, எந்தத் திகதி என்று மட்டும் எனக்குத் தனியே எழுது. அம்மா கேட்டால் எனக்குத் தெரியாது என்றே சொல்லு. அவ அந்த ஒரு நினைப்பில்தான் எழும்பி நடமாடுகிறா. நான் வந்து, அவ சொல்லக் கேட்கிறேன். அதுவரைக்கும் அவனுக்கே எழுதுவேன். நீயும் மறுமொழி போடு. காட் இன்னும் வரவில்லை."

அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அம்மா உள்ளே இருந்து கூப்பிட்டா. மற்றத் தாளை மட்டும் கொண்டு போய்க் குசினி வாசலில் இருந்து வாசித்தேன். அன்பு மகன் நேசனுக்கு. கை அளவு சரி, விரல் எல்லாப் பட்டனுக்கும் எட்டும். யப்பானில் வாற வருசம் விடுவானாம், இங்கே வர அதற்குப் பிறகும் காலம் எடுக்குமாம். இரண்டு கட்டை தருவானாம், இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாமாம். இரண்டாவது கட்டை அக்காவுக்கு.

நான் வாசித்து முடியும்வரை அம்மா அசையவில்லை. "அவருக்கு ஒண்டும் விளங்கேல்லைத்தானே?" என்றா.

"இல்லையம்மா."

"வடிவாய்ப் பாத்தனியோ? எழுத்திலை ஒரு வித்தியாசமும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லை."

அம்மா எழும்பி அறைக்குள் போனா. அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது நேசனின் பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த ஒரு தாளும், அவன் கடித்து வைத்த பென்சிலும் கையில் இருந்தன. எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தா.

"அண்டைக்கு அந்தச் சின்னிவிரலை விட்டிட்டம். நீ தபாலுக்குப் போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. நாற்பது நாளும் எனக்கு நித்திரை இல்லை பிள்ளை. கடவுள் காப்பாத்தியிருக்கிறார். முதல் கீறினது பிழைச்சுப் போச்செண்டு எழுதி, இன்னொண்டு அனுப்புவம். வை கையை."

சட்டைக்குள் அந்தத் தாள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. நான் இடது கையைத் தாளில் விரித்து வைத்தேன். அம்மா என் சின்னிவிரலின் நுனியைப் பிடித்து உள்ளுக்கு மடித்தா. கொஞ்சம் நிமிர்த்தினா, பிறகும் மடித்தா. தலையைச் சரித்துப் பார்த்து, இன்னும் ஒரு நெல்லளவு மடித்தா.

"நோகுதோ?"

"இல்லை."

"அசையாதை. இப்பிடித்தான் இருந்தது," என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் விரலை அப்படியே அமத்திப் பிடித்தபடி, மற்றக் கையால் பென்சிலை என் மணிக்கட்டில் வைத்து, மெல்ல மெல்ல மேலே கொண்டு வந்தா.