கருவிக் கோளாறு, மூடப்பட்டது

எனக்கு வாய் கொஞ்சம் கூட. எங்கள் ஊர் பேசாலை முழுக்கத் தெரிந்த விசயம் அது. ஆனால் என் தம்பி கொன்ஸ்ரன்ரைன் விசயத்தில் மட்டும் திறக்கவேண்டிய இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

மன்னாரில் ஒரு கடல் கண்காணிப்பு நிலையத்தில் எனக்கு வேலை. நானூறு படகுகளில் பூட்டிய கருவிகள், ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தாம் நிற்கும் இடத்தை எங்கள் கணினிக்கு அனுப்பும். ஆபத்தென்றால் அமத்த அதில் ஒரு அவசரப் பொத்தானும் உண்டு. ஒரு படகின் செய்தி நின்றுபோனால் மணி அடிக்கும். நான் விசாரித்து, ஆபத்தா, வெறும் கருவிக் கோளாறா என்று பதியவேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துக் கணினியும் பழகும், பிறகு தானாகவே கோளாறைக் கண்டுபிடிக்கும் என்றார் பொறியியலாளர் மர்சூக்.

எங்கள் ஊர் மீன்பிடி ஆட்களுக்கு அந்தக் கருவி பிடிக்கவில்லை. நண்டு நன்றாகப் படுகிற இடத்தைக் கண்டால் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லாத ஆட்கள் அவர்கள். இதுவோ ஒருவர் நிற்கும் இடத்தை மற்றப் படகுகளுக்கும் காட்டிக்கொடுத்தது. அதனால் வலை விடும் நேரத்தில் கருவிக்கு மேல் அலுமினியச் சோற்றுப்பானையைக் கவிழ்த்துவிடுவார்கள். செய்தி போகாது. தொடக்கிவைத்தவன் என் தம்பிதான்.

"எடேய், உனக்கென்ன விசரே? அங்க மணி அடிச்சு என்ர காது போகுது" என்று ஏசினேன்.

"நீங்கள் இருக்கிறியள்தானே அக்கா. கோளாறெண்டு போட்டுவிடுங்கோவன்" என்று சிரித்தான்.

போட்டேன். உண்மையை எழுதினால் அவனுடைய அனுமதிப்பத்திரம் போய்விடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்றரை வருடத்தில் அவனுடைய கருவிக்கு மட்டும் இருநூறு தரத்துக்கு மேல் போட்டிருப்பேன். பிறகு மணி அடிப்பது குறைந்தது. கணினியே எழுதத் தொடங்கியது: கருவிக் கோளாறு, மூடப்பட்டது. வீண் மணிகள் ஒழிந்தன என்று மர்சூக் கேக் வெட்டினார். வெட்கம் கெட்டு நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

தை மாதம், செவ்வாய்க்கிழமை. வாடைக்காற்று பலமாக இருந்தது. கூடப் போகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று தம்பி தனியே போயிருந்தான். பின்னேரம் இரண்டு மணிக்கு அவன் மனைவி றஞ்சிதம் போன் எடுத்தாள்.

"மச்சாள், இவர் இன்னும் வரேல்லை. பத்து மணிக்கு வந்திடுவன் எண்டவர். ஒருக்காப் பாருங்கோ."

திரையில் ஆபத்து என்று ஒன்றுமே இல்லை. கணினி மூடிவைத்த பதிவுகளைத் திறந்தேன். 9.40, அவன் படகு, அவசர அழைப்பு. கருவிக் கோளாறு, மூடப்பட்டது. 9.52, அதே. 10.15, அதே. பானையை எடுத்தெறிந்துவிட்டு மூன்று தரம் அவசரப் பொத்தானை அமத்தியிருக்கிறான் பாவி. கோளாறான கருவி சொல்வதெல்லாம் கோளாறு என்று கணினி முடிவுகட்டியிருந்தது. ஐயோ என்று நான் கத்திய கத்தலில் மர்சூக் ஓடிவந்தார். உடனே கடற்படைக்கு அறிவித்தோம்.

மூன்றாம் நாள் தலைமன்னார்ப் பக்கம் உடல் ஒதுங்கியது.

"அக்கா, கணினியின்ர பிழை எண்டு அறிக்கை எழுதுறன். உங்கட பேர் தேவையில்லை" என்றார் மர்சூக்.

"தேவை. எழுதுங்கோ. அது நான் சொல்லிக்குடுத்ததைத்தான் செய்தது. பொய் சொல்லிக்குடுத்தவள் நான்."

அவருக்குச் சொல்வது இலேசு. எட்டாம் நாள் பூசை முடிந்து றஞ்சிதத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். நான் தொடங்குமுன் அவளே கேட்டாள்.

"மச்சாள், ஆபத்தெண்டா அமத்த ஒரு பொத்தான் இருக்கெண்டு சொன்னவர். பதட்டத்தில மறந்திட்டாரோ? அதை நினைச்சு நினைச்சு எனக்கு நித்திரையே இல்லை. அமத்தியிருந்தா நீங்கள் விட்டிருப்பியளே?"

"அமத்தினவன்" என்றேன். "மூண்டு தரம் அமத்தினவன் றஞ்சிதம். எங்களுக்கு வந்தது. நான் பழக்கின பழக்கத்தில கணினி அதைக் கோளாறெண்டு தள்ளிப்போட்டுது."

அவள் அழவில்லை.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள்.

மூன்று நேரத்தையும் சொன்னேன். அந்த மூன்று நேரமும் நான் திரைக்கு முன்னால்தான் இருந்தேன் என்பதையும் சொன்னேன்.