கேஹர் சிங் விட்டுவந்த மாளிகை

கேஹர் சிங் லாயல்பூரில் விட்டுவந்த மாளிகையைப் பற்றிப் பெருமையடிக்கும்போதெல்லாம் ஜக்ராவ் வீட்டில் ஓர் அறை முளைத்தது. கொத்தனார் இல்லை, செங்கல் இல்லை. காலையில் பார்த்தால் சுண்ணாம்பு உலர்ந்திருக்கும், அவ்வளவுதான். நாற்பத்தேழு பிரிவினையில் குடும்பம் மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது அரசாங்கம் கொடுத்தது இரண்டே அறை. பக்கத்து வீட்டுக்காரர் ஷேக்குபுராவில் தனக்குப் பன்னிரண்டு தூண் வைத்த வீடு என்றார். கேஹர் சிங் பதினாறு என்றார். முதல் அறை அன்று முளைத்தது. எல்லை தாண்டி வந்தவர்களில் குடிசையை விட்டுவந்தவர் ஒருவர்கூட இல்லை என்பது ஊரறிந்த விஷயம்.

மகன் ரஞ்சோத் லாயல்பூரைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் இன்னும் துல்லியமாக வர்ணித்தான். மாடிகள் எழும்பின. அத்தனையையும் கூட்டிப் பெருக்கியவள் அவன் மனைவி பச்சிந்தர் கௌர். ரொட்டி தட்டும்போது மாமியார் ஒருமுறை உண்மையைச் சொல்லியிருந்தாள். பச்சிந்தர் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். ஆனால் வீடு கோதுமை வயலைத் தின்ன ஆரம்பித்ததைப் பொறுக்க முடியவில்லை. யானைக்கொட்டில் வந்த வருடம், விதைக்க மிஞ்சியது பம்புசெட்டை ஒட்டிய ஒரு துண்டு.

"மாமா, யானையையாவது குறைச்சுக்கக் கூடாதா?"

"குறைச்சுத்தாம்மா ஒண்ணுன்னு சொன்னேன்" என்றார் கேஹர் சிங், பெருந்தன்மையாக.

பேத்தி சிம்ரத்தைப் பெண் பார்க்கக் கனடாவிலிருந்து பையனின் அப்பா தல்பாரா சிங் வந்தார். சொந்த ஊரில் கூரைமேல் விமான வடிவத்தில் தண்ணீர்த்தொட்டி வைத்திருப்பவர். லஸ்ஸியை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "அந்தப் பக்கம் என்னென்ன விட்டுட்டு வந்தீங்க?" என்றார். கேஹர் சிங் தொண்டையைச் செருமினார். ஜன்னலுக்கு வெளியே கடைசித் துண்டு வயல் பச்சையாகத் தெரிந்தது. பச்சிந்தர் முந்திக்கொண்டாள்.

"ரெண்டு மண் ரூமு, ஒரு எருமைங்க. எருமையிலயும் பாதி மாமாவோட தம்பிக்கு."

முதலில் யானைக்கொட்டில் போனது. பிறகு மாடிகள், துணி மடிப்பதுபோல, ஓசையில்லாமல். பழைய இரண்டு அறையும், வெட்டவெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களும் மிஞ்சினார்கள். ரஞ்சோத் முகத்தை மூடிக்கொண்டான். சம்பந்தம் போயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

தல்பாரா சிங் தலைப்பாகையைத் தளர்த்திக்கொண்டார். "அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரே ரூமுதாங்க. எருமைகூட இல்ல, ஆடு."

உள்ளே போன் அடித்தது. கனடாவிலிருந்து அவர் மனைவி. அங்கே அவர்கள் வீட்டில் மேல்மாடியும் கார் ஷெட்டும் காணோமாம்.

"அங்க போயி என்னத்த உளறித் தொலைச்சீங்க?"

"பொண்ணு பிடிச்சிருக்குன்னு சொன்னேன்" என்றார் அவர்.

அந்தக் குளிர்காலத்தில், மாடிகள் நின்ற இடத்திலெல்லாம் பச்சிந்தர் கோதுமை விதைத்தாள். நன்றாக விளைந்தது. கொட்டில் இருந்த மூலையில் மட்டும், யானை படுத்து எழுந்ததுபோல் கதிர்கள் வருடாவருடம் சாய்ந்துவிடும். அதை விட்டுவிட்டு அறுப்பார்கள்.