நாரைக்கு ஒரு மிஸ்டு கால்

என் அக்கா ஊருக்கும் என் ஊருக்கும் ஒரே ஆறுதான். அவள் மேலே, மலையடிவாரத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். நான் கீழே, பள்ளத்தாக்கு அகன்று ஆறு சோம்பலாக நடக்கிற இடத்தில், வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். இலையுதிர் காலம் வந்தால் வடக்கேயிருந்து வரும் நாரைகள் இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டுதான் தெற்கே போகும். முதலில் அக்கா தலைக்கு மேல், அப்புறம் என் தலைக்கு மேல். எதிலும் முதல் பங்கு அவளுக்குத்தான். பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. முதல் கூட்டம் அவள் கடையைத் தாண்டியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் எங்கள் பேச்சு எங்கே நிற்கும்? ஒரு வருஷம் அப்படித்தான் எடுத்து, நாத்தனாரின் மாமியாரில் ஆரம்பித்துப் பக்கத்து வீட்டுப் பூனை வரைக்கும் பேசி முடித்துவிட்டு மாடிக்கு ஓடினால், வானம் காலி. அன்றிலிருந்து சட்டம் போட்டுவிட்டோம். மணி அடித்தால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு மாடிக்கு ஓட வேண்டியது. ஒரு சட்டைக்குக் காலர் வைக்கிற நேரத்தில் அவை வந்துவிடும்.

இந்த வருஷம் மணி அடிக்குமா என்பதுதான் கேள்வி. கோடையில் அவள் மகள் கல்யாணத்துக்குப் பெண்ணின் உடையை நான்தான் பார்த்துப் பார்த்துத் தைத்தேன். மண்டபத்தில், அத்தனை பேர் முன்னாலும், "கை இறுக்கிப் பிடிக்குதே. கடையிலேயே வாங்கியிருக்கலாம் போல" என்றாள் அக்கா. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "உன் ரொட்டியத் தின்னா யாருக்கும் கை பிடிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அதோடு பேச்சு நின்றது.

நடுவில் மாட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ் ஓட்டுகிறவர்.

"உங்க அக்கா கேட்டாங்க, எப்படி இருக்கான்னு."

"செத்துட்டான்னு சொல்லுங்க."

"போன வாரமும் அதைத்தான் சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க."

இப்படி வாய் வீராப்புப் பேசினாலும், இலைகள் பழுக்க ஆரம்பித்ததும் போனை மெஷின் மேலேயே வைத்துக்கொண்டேன். அவள் மணி அடிக்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது? நாரைகளை நானே பார்த்துக்கொள்ளலாம், கழுத்து ஒன்றும் சுளுக்கிவிடாது. ஆனால் மணி அடிக்காவிட்டால் இனி அக்கா எனக்கு இல்லை என்று அர்த்தம்.

ஒரு நாள் காலை மணி அடித்தது. ஒரே தடவை. அவளேதான்!

கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே மாடிக்கு ஓடினேன். கால் கடுக்க நின்றேன். காக்கை கூட வரவில்லை. பனிமூட்டத்தில் கண்ணுக்குப் படவில்லை போலும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு இறங்கினேன். மறுநாளும் மணி அடித்தது, மறுநாளும் வானம் காலி. ஓடின ஓட்டத்தில் ஒரு வாடிக்கையாளர் சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். மதியம் வீட்டுக்காரர் சாப்பிட வந்ததும் கேட்டேன்.

"ஏங்க, மேல நாரை போச்சா?"

"எங்க? இந்த வருஷம் லேட்டாம். ஊரே அதைத்தான் பேசுது. ஒண்ணுகூட இன்னும் வரலை."

அப்போதுதான் புரிந்தது. வேண்டுமென்றே என்னை மாடிக்கும் தரைக்கும் ஓட விட்டு வேடிக்கை பார்க்கிறாள்! மாவு பிசைந்துகொண்டே சிரித்திருப்பாள். நாளைக்கு அடிக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று இருந்தேன்.

மறுநாள் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டேன்.

"எங்கடி நாரை?" கோபத்தில் அக்காவையே 'டி' போட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் ரொட்டித் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"ஏன் எடுத்தே? எடுக்கக் கூடாதுன்னுதானே பேச்சு?" என்றாள்.

"வராத நாரைக்கு எதுக்கு மணி அடிக்கிறே? என்னைப் பார்த்தா பைத்தியம் மாதிரி தெரியுதா?"

"அது வர வரைக்கும் என்னால இருக்க முடியலை" என்றாள். "கோடையிலிருந்து நாளை எண்ணிட்டு இருக்கேன். நாரை வந்தா அதைச் சாக்கா வெச்சு ஒரு மணி அடிச்சிடலாம்னு. அதுங்க பாட்டுக்கு வராம இருந்தா நான் என்ன பண்றது?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் அக்கா எனக்கு எவ்வளவு வேண்டியவள் என்று அப்போது தெரிந்தது.

"அந்தக் கை சரியாத்தான் இருந்துச்சு. பொண்ணுதான் கொஞ்சம் சதை போட்டுட்டா" என்றாள்.

"அதை மண்டபத்துல சொல்றதுக்கென்ன?"

"உனக்கு அன்னிக்கு காது கேட்டுச்சா?"

அப்புறம் பேச்சில் நாத்தனாரின் மாமியார் வந்தாள், பூனையும் வந்தது. பூனை குட்டி போட்டிருந்ததாம். பேச்சின் நடுவில் அக்கா, "இரு, இரு" என்றாள். கதவு திறக்கும் சத்தம். பிறகு போனுக்குள்ளேயே கேட்டது, தூரத்தில் கரகரவென்று பல குரல்.

"வந்துடுச்சுடி! நிஜமாவே! போ, மாடிக்குப் போ. நான் வெச்சுடறேன்."

"வைக்காதே. பேசிக்கிட்டே ஏறறேன்."

"அடுப்புல ரொட்டி கெடக்கு. சரி, உன் தலைக்கு மேல வர வரைக்கும் இருக்கேன். வந்ததும் வெச்சுடுவேன்."

மாடியில் நின்று பேசிக்கொண்டே இருந்தோம். ஆற்றின் வளைவுக்கு மேலே முதலில் ஒரு கோடு தெரிந்தது. கோடு கூட்டமாகி, கூட்டம் பெரிய இறக்கைகளாகி, என் துணிக்கொடிக்கு நேர் மேலே காது கிழியக் கத்திக்கொண்டு போக ஆரம்பித்தது.

"வந்துச்சா?" என்றாள் அக்கா.

"இன்னும் இல்லைக்கா" என்றேன்.

அத்தனை கத்தலும் போன் வழியாக அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

"சரி, மெதுவா வரட்டும்" என்றாள். "ரொட்டி கருகினா கருகட்டும். நீ சொல்லு, அப்புறம்?"